வண்டி கொளத்துல நிக்குது

இடித்துத் தள்ளிய பேருந்து நிலையத்தின் கீழ்க்கோடியில் மண் பரிசோதனைக்கு இறக்கியிருந்த குழாயை நேற்று வெளியே இழுத்தபோது, கறுப்புச் சேற்றின் வாடை தகரத் தடுப்பைத் தாண்டி வந்தது. கீழே பஸ் ஸ்டாண்டு, மேலே ஆபீஸ் மாடிகள் என்று தடுப்பில் பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வாடை எனக்குத் தெரியும்.

அந்தக் கோடியில்தான் அம்மா முறுக்குக் கடை போட்டிருந்தாள். "ஜெயங்கொண்டம் வண்டி கொளத்துல நிக்குது, ஓடுங்க" என்று கண்டக்டர்கள் விரட்டுவார்கள்; சிமெண்டுத் தரையில் எங்கே குளம் என்று யாரும் கேட்டதில்லை, அது அந்தக் கோடிக்கு வெறும் பெயராகிவிட்டிருந்தது. எல்லா என்ஜினும் அணைந்து கிடக்கும் மத்தியானங்களில் மட்டும் டீசல் வாடைக்கும் எண்ணெய் வாடைக்கும் அடியிலிருந்து இந்தச் சேற்று வாடை எழும்பும், தரைக்குக் கீழே எங்கோ தவளை கத்தும். ஒவ்வொரு மழைக்காலமும் கடைப் பலகையின் கால் ஒன்று இறங்கி முறுக்குப் பாட்டில்களெல்லாம் ஒருபக்கமாய்ச் சரிய, அம்மா தரை விரிசலுக்குள் இன்னொரு செங்கல்லைச் செருகுவாள்.

"போன வருசம் வச்ச கல்லு எங்கம்மா?"

"கொளம் முழுங்கிடுச்சு. நீ போயி இன்னொண்ணு எடுத்துட்டு வா."

நேற்று தடுப்புக்கு முன்னால் பக்கத்தில் நின்ற என் தம்பி, வரப்போகும் ஏழாவது மாடியில் தன் ஆபீஸுக்கு இடம் பிடித்திருப்பவன், படத்தில் விரல் வைத்துக் காட்டினான்.

"அம்மா கடைக்கு நேர் மேலதாங்க்கா வருது. பாத்தியா?"

பார்த்தேன். அம்மா செருகிய கற்கள் இந்நேரமும் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும்.