பலகையில் ஓட்டை அடைப்பவர்

கண்டியில், ஹந்தானை மலையடிவாரத்தில் நான் துவக்குச் சுடப் பழகிய மைதானத்தில் அவர்தான் இலக்குப் பலகைகளைப் பார்த்துக்கொள்பவர். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். கூன் விழுந்த ஒல்லி உடம்பு. நானும் என்னோடு கந்தோரில் வேலைசெய்யும் நண்பர்களும் ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டு முடித்ததும், பால்மா டின்னில் மாவுப் பசையோடு நடந்துபோய் ஓட்டைகளின்மேல் காகிதத் துண்டு ஒட்டுவார். ஒட்டியபின் ஒவ்வொன்றின்மீதும் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் அமுக்கிக்கொண்டு நிற்பார். அவர் திரும்பி வரும்வரை யாரும் சுட முடியாது. எனக்கோ பொறுமை கிடையாது.

ஒருநாள் பலகை வரைக்கும் போய்க் கத்தினேன். "ஒட்டிட்டு வாங்களேன். காகிதத்த இவ்வளவு நேரம் அமுக்கணுமா?"

அவர் கையை எடுக்கவில்லை.

"பழக்கமாப் போச்சுங்க ஐயா. கலவரத்துல மகனுக்கு நெஞ்சுல துவக்குச் சூடு பட்டுச்சு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் இப்படித்தான் அமுக்கிப் புடிச்சிருந்தேன். ரத்தம் நிக்கவே இல்ல. இந்த ஓட்டையாவது மூடுதேங்க."

நான் திரும்பிவந்து, அவரும் பலகையை விட்டு வந்தபின் குப்புறப் படுத்துக் குறிபார்த்தேன். அன்றுதான் முதன்முறையாக என் ஐந்து குண்டுகளும் நடு வட்டத்துக்குள் விழுந்தன. கந்தோர் நண்பர்கள் கைதட்டினார்கள்.

ஐந்தையும் மூட அவருக்கு ஒரு உள்ளங்கையே போதுமாயிருந்தது.