ஒரு தடவைதான் கேட்பார்கள்

படகு வீட்டை வாடகைக்கு எடுத்தது என் யோசனை. என் மனைவிக்கு அதில் விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கலிபோர்னியாவில், லிவர்மோரில் இருந்தோம். நான் தினமும் மலையைத் தாண்டிக் காரில் வேலைக்குப் போய்வந்தேன். மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பிறகு ஒரு கரு தங்காமல் போயிற்று. அப்புறம் வெகுகாலம் எதுவுமில்லை. அந்த வசந்தத்தில் மனைவி மறுபடி உண்டாகியிருந்தாள். நான்காம் மாதம். ஊருக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. ஐந்து பிறக்கட்டும், அப்புறம் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றாள். அதுவரை வீட்டுக்குள்கூட அதைப் பற்றிச் சத்தமாகப் பேச மாட்டாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

ஆபீஸில் ஒருவர் தன் குடும்பத்தோடு டெல்டாவில் படகு வீட்டில் தங்கிய போட்டோக்களைக் காட்டினார். சாக்ரமெண்டோ, சான் வாகீன் இரண்டு ஆறுகளும் கடலுக்குப் போகும் வழியில் நூறு கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் இடம் அது. படகிலேயே சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. போட்டோவில் எல்லோரும் வெயிலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் அமெரிக்காவில் இருந்து கோயிலையும் இந்தியக் கடையையும் தவிர எங்கேயும் போகவில்லையே என்று எனக்குள் ஓர் அரிப்பு. குழந்தை பிறந்துவிட்டால் இனி முடியாது என்று கணக்குப் போட்டேன்.

"டிவில மழைன்னு சொல்றாங்க. கேன்சல் பண்ணிடலாம்ங்க" என்றாள் மனைவி.

"மழைன்னா என்ன? கூரை இருக்குல்ல."

"எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"டாக்டரே டிராவல் பண்ணலாம்னுட்டாங்க. உனக்கு என்ன?"

அவள் எழுந்துபோய் மூன்று பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள்.

படகுத் துறையில் ஓர் இளைஞன் எல்லாவற்றையும் காட்டினான். இதுதான் மோட்டார், இது நங்கூரம், இது ரேடியோ. ஆற்று நீர் கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும், அதனால் இரவு எங்கே கட்டுவது என்று பார்த்துக் கட்ட வேண்டும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். இரண்டு பட்டம் வாங்கியவன் அல்லவா. ஒவ்வொன்றுக்கும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனும் நம்பிவிட்டான்.

புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். இரு பக்கமும் கோரைப்புல், அதற்குப் பின்னால் உயரமான மண்கரை. கரைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து மெத்தை நனைந்தது. ஹீட்டரை ஏற்றப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் இருமிவிட்டு அணைந்தது. மகள் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து அம்மாவுக்கு ஏதோ ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள்.

"உங்கப்பா நம்மள ஆத்துல விட்டுட்டாரு பாத்தியா" என்று மனைவி அவளிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சாயங்காலம் ஒரு குறுகலான கிளைக்குள் நுழைந்து, கோரைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் படகைக் கட்டினேன். காற்று படாத இடம் என்று எனக்குப் பெருமை. காலையில் கண் விழித்தபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுப்பின் மேல் வைத்திருந்த பாத்திரம் தரையில் கிடந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வடிந்து, நாங்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். மோட்டாரைப் போட்டால் சேறுதான் கலங்கியது.

உள்ளே மனைவி சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடிவயிறு இழுத்துப் பிடிக்குதுங்க."

"நேத்து ஈரத்துல படுத்தது. வாயுவா இருக்கும். சுடுதண்ணி போடறேன்."

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மகளைப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து, "பட்டுருக்கு" என்றாள். போன தடவையும் அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது. உதிரம் பட்டிருக்கிறது என்ற அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

ரேடியோவை எடுத்து எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். இரைச்சல்தான் வந்தது. ஹலோ, ஹலோ என்று டெலிபோனில் பேசுவதுபோல் கத்தினேன். எந்தச் சேனலில் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பையன் சொல்லியிருப்பான். நான்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேனே.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. சின்ன மீன்பிடிப் படகு. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர். எங்கள் படகு சாய்ந்து கிடப்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். நான் வெளியே ஓடினேன்.

"எல்லாம் சரிதானே? உதவி ஏதாவது வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ, நோ. வி ஆர் ஓகே. தேங்க் யூ" என்றேன்.

இதை எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் பைத்தியக்காரன் அல்ல. அவருடைய உதவி எனக்கு வேண்டும், மூச்சுப்போல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் வளர்ந்த விதம் அப்படி. யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிடுங்கள் என்றால், "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். பசியில் கண் இருண்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் விடமாட்டார்கள், இலையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்கப்புறம்தான் உட்காரலாம். கேட்ட உடனே சரி என்பவன் பறக்காவெட்டி. வேண்டாம் என்பது எங்களுக்கு ஒரு பதிலே இல்லை, பேச்சின் தொடக்கம். நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, அவர் மறுபடி கேட்பார் என்று, மழையில் சிரித்த முகத்தோடு நின்றேன்.

அவர் தொப்பியின் விளிம்பைத் தொட்டார். படகு திரும்பியது. வளைவைத் தாண்டியதும் சத்தமும் நின்றது.

வெறும் பழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்னவோ. சேற்றில் மாட்டிக்கொண்ட வெட்கமும் இருந்தது. மனைவியின் உதிரத்தைப் பற்றி ஓர் அந்நிய ஆணிடம் சொல்லும் கூச்சமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

மகள் வாசலில் நின்றிருந்தாள். "அப்பா, வொய் டிட் யூ டெல் ஹிம் வி ஆர் ஓகே?"

"சும்மா மரியாதைக்குச் சொன்னேன், கண்ணு."

"பட் வி ஆர் நாட் ஓகே."

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "யாருங்க அது?"

"ஒரு பெரியவரு. மீன் பிடிக்க வந்தவரு. உதவி வேணுமான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவளும் என்னைப்போல வளர்ந்தவள்தானே. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திருப்பிக் கேப்பாருன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"இது என்ன கல்யாணப் பந்தியாங்க?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு படகு எதுவும் வரவில்லை. நான் வெளியே போய் ஆற்றைப் பார்ப்பேன், உள்ளே வந்து அவளைப் பார்ப்பேன். இடுப்பைப் பிடித்துவிடட்டுமா என்றால் வேண்டாம் என்று கையை அசைப்பாள். துண்டு மாற்றித் துண்டு கொடுத்தேன். சேற்றில் இறங்கி நடந்து கரையேறலாம் என்று காலை வைத்தேன், தொடைவரை உள்ளே போயிற்று. படகின் கம்பியைப் பிடித்து ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து, நான் கும்பிடும் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். தண்ணீர் ஏறுகிறதா என்று கோரைத் தண்டின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை பெய்தது. அவள் முனகுவது நின்றால் பயமாக இருந்தது, முனகினாலும் பயமாக இருந்தது.

மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, வாணலியையும் கரண்டியையும் எடுத்துப் படகின் கூரைமேல் ஏறினாள். வழுக்கும், இறங்கு என்று கத்தினேன். அவள் இறங்கவில்லை. கூரைமேலிருந்து கரைக்கு அந்தப்பக்கம் தெரியும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கரைமேல் ஒரு மண்சாலை போகிறது. அவள் வாணலியை அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு பிக்கப் வண்டி நின்றது.

"ஹெல்ப்! மை மாம் இஸ் ப்ளீடிங்! ஷீ இஸ் ப்ரெக்னன்ட்!"

நாங்கள் வீட்டுக்குள்கூடச் சத்தமாகச் சொல்லாததை அவள் ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

வண்டியில் இருந்தது பக்கத்துப் பண்ணைக்கார அம்மா. அவர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வந்தவர்கள் சேற்றில் பலகை போட்டு, மனைவியை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கரையேற்றினார்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் எங்கள் இருவரையும் அந்த அம்மாவே கூட்டிப்போனார். வழியெல்லாம் மகள் அவரோடுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மனைவியிடம், "உங்கள் கணவர் கூட இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். "நோ, இட்ஸ் ஓகே" என்றாள் அவள். நர்ஸ் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அது எந்த வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சேறு காய்ந்த பேண்ட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை தங்கவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இது வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும், சீக்கிரம் வந்திருந்தாலும் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது, யாருடைய தவறும் இல்லை என்றார். நல்ல மனிதர். பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அன்றே மனைவியிடம் சொன்னேன். மறுவாரமும் சொன்னேன். அவள் அழும்போதும் சொன்னேன், அழாதபோதும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வாள்.

கோடையில் ஒருநாள் செக்கப் முடிந்து ஃப்ரீவேயில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நான் மறுபடி ஆரம்பித்தேன். "டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"அது டாக்டர் சொன்னதுங்க" என்றாள். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அந்தப் பெரியவரோடு காலையிலேயே போயிருந்தால் உயிர் தங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவளும் அதையே நினைக்கிறாள் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. நான் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது அதைச் சுமந்திருப்போம்.

"எக்ஸிட் வந்துருச்சு" என்று சொல்லி இண்டிகேட்டரைப் போட்டேன்.