ஓடாத பிக்கப்பின் ஐந்தாவது சில்லு

யாக்கோப்பின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன. கொட்டிலின் நடுவே ஒரு பெட்டியின் மேல் குந்தியிருந்து, மடியில் கிடந்த வண்டிச் சில்லு ரப்பர் ரியூப்புக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டிய தாய் கழுத்து மடிப்பையும் தொடையிடுக்கையும் தேடித் தேடிப் பூசுவாளே, அதே கவனம். வால்வைச் சுற்றி இன்னொருதரம் பூசி, விரல் நுனியால் தட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கொட்டில் வாசலிலேயே மணம் தெரிந்துவிட்டது. காலடியில் டின்னும் கிடந்தது. அவருடைய மனைவி இமெல்டாவின் முதுகுக்குப் பூசுவதற்கென்று முந்தின கிழமை நான் கொண்டுவந்து கொடுத்த டின்.

இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"பவுடர் இல்லாட்டி ரயரோட ஒட்டிப்பிடிச்சிரும் மிசி. இது இங்கிலாந்து ரியூப். இனிக் கிடைக்காது."

வீட்டுக்குள் கிடந்தவளும் இனிக் கிடைக்கமாட்டாள் என்பது அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இது எழுபத்திரண்டாம் ஆண்டு, மாரிக்குச் சற்று முன். இடம் தாண்டவன்வெளி, வாவிக் கரையை ஒட்டிய வளவு. நான் ஆசுபத்திரியில் தாதியாக இருந்தேன்; ஊருக்கு மிசி. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இமெல்டாவின் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுப் போவேன்.

யாக்கோப்பைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு. தபால் கந்தோரில் எழுதுவினைஞர். குடிக்கமாட்டார், சூதாடமாட்டார், ஞாயிறு பூசை தவறமாட்டார். மாலையில் கந்தோர் விட்டதும் சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டுக் கொட்டிலுக்குள் போவார். பழைய பிக்கப்புகளை வாங்கி, கடைசி ஆணி வரை கழற்றி, துரு எடுத்து, நிறம் பூசி, மறுபடி பூட்டுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. சாராயத்தில் சம்பளத்தைத் தொலைப்பவனை ஊர் காறித் துப்பும். அதே சம்பளத்தைத் தகரத்தில் தொலைப்பவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர் வைக்கும். இரண்டு வீட்டிலும் அடுப்பு ஒரே மாதிரித்தான் எரியும் என்பதைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

முதல் பிக்கப் யுத்த காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போன ஒரு போர்ட் வண்டி. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அது கதவு வரை மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குள் அடைந்த சேற்றை இமெல்டா தனியே வாரிக்கொட்ட, இவர் என்ஜினுக்குள் அடைந்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அதை ஓடவைத்து, மனைவியை ஏற்றிக்கொண்டு கல்லடியில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டார். கல்லடிப் பாலத்தில் எதிரே வந்த மாட்டு வண்டியின் அச்சு முன்சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் உரசியது. விரல் நீளக் கீறல். பாலத்தின் மறுகரையில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே வந்துவிட்டார். கூறைப் பட்டுடுத்தித் தலையில் பூ வைத்திருந்த இமெல்டா தன் வீட்டு வாசலிலேயே இறங்கினாள். அவர் அன்று இராவும் மறுநாளும் சாப்பிடவில்லை. தகப்பன் செத்த அன்று இரண்டுதரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் என்று இமெல்டா எனக்குச் சொன்னாள்.

அதன்பின் எந்த வண்டியையும் அவர் றோட்டில் இறக்கவில்லை. போர்டை விற்று ஒரு மொறிஸ் வந்தது. மொறிஸை விற்று ஒஸ்டின் வந்தது. அந்த ஒஸ்டினை வெல்லாவெளிப் பக்கம் ஒரு நெல்லு ஆலைக்குப் பின்னால் கண்டுபிடித்தார். சாரதி இருக்கையில் கோழி அடை கிடந்ததாம். வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்கிற மிதவையில் மாடுகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே அதை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பெண் எடுத்து வருகிறவர் மாதிரி முகம் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இமெல்டாவைக் கைப்பிடித்த அன்று அந்த முகம் எப்படி இருந்தது என்று சொல்ல யாருமில்லை.

ஒஸ்டினில் அவருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. கொம்பனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். வேறு வண்டியின் ஆணி ஒன்றுகூட ஏறக்கூடாது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்த அசனார் நல்ல வேலைக்காரன், வாய்க்காரனும்கூட. அவன் வந்து பார்த்துவிட்டு, மொறிஸின் பெற்றோல் பம்பைப் போட்டால் நாளைக்கே ஓடும் என்றான். யாக்கோப்பு கேட்கவில்லை. ஒஸ்டின் பம்புக்காக இரண்டு வருடம் காத்திருந்து பூட்டினார். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம் அது.

"அண்ணன்," என்றான் அசனார், "இத ஓட்டப் போறீங்களா, இல்லாட்டி கண்ணாடிக் கூட்டுக்குள்ள வெச்சி மெழுகுதிரி கொளுத்தப் போறீங்களா?"

கொளுத்தாத குறைதான். ஞாயிறு பூசை முடிந்ததும் நாலைந்து ஆண்கள் கொட்டிலுக்கு வருவார்கள். யாக்கோப்பு என்ஜினை இயக்குவார். எல்லோரும் கைகட்டி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். யாராவது தலையை ஆட்டி "சுத்தம்" என்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். புகை மட்டும் பயணப்பட்டு, கொட்டிலை ஒட்டிய சன்னல் வழியாக இமெல்டாவின் அறைக்குள் போகும்.

இமெல்டாவுக்கு அந்த எழுபத்திரண்டாம் வருடம் சித்திரையில் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் ஒருபக்கம் கோணி, பேச்சு மெதுவாகிவிட்டது. புத்தி எங்கும் போகவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த தங்கை செசீலியா பகலில் வந்து கழுவித் துடைத்து, ஊட்டிவிடுவாள். படுக்கையில் கிடக்கிற நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும். செசீலியாவுக்கும் வீடு, அடுப்பு, பிள்ளைகள் என்று வேலை இருந்தது. அவளால் ஏலாத நேரத்தில் திருப்புவதற்காக யாக்கோப்புக்கு நான் செய்து காட்டினேன். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, இழுக்காமல் உருட்ட வேண்டும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனக்குக் கை நடுங்குகிறது என்றார். புண்ணைப் பார்க்க மனம் தாங்காது என்றும் சொன்னார். காபரேட்டருக்குள் மயிரளவு ஊசியை இறக்கும்போது அந்தக் கை நடுங்கி நான் காணவில்லை.

இமெல்டாவின் நாரியில், முதுகுத்தண்டு முடியும் அடி இடுப்பில், முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, பிறகு குழி விழுந்தது. நல்ல தகரம் தெரியும்வரை துருவைச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும் என்று ஒருநாள் எனக்கு விளக்கியவர் அவர். நான் அவருடைய மனைவியின் புண்ணில் கறுத்த சதையை வெட்டி எடுத்தபோது கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஐப்பசி தொடங்கும்போது புண் எலும்பை நெருங்கியிருந்தது. எலும்பைத் தொட்டால் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல் வந்தவர்கள் எழும்பியதை நான் கண்டதில்லை. நாரி படுக்கையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும். அதற்குக் காற்றடித்த ரப்பர் வளையம் இருக்கிறது. புளியந்தீவில் ஒரு கடையிலும் இல்லை, கொழும்பில் இருந்தும் வராது என்றார்கள். பிறகு அசனாரிடம் ஒரு ரியூப் கேட்டேன். அவனிடம் இருந்ததெல்லாம் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டவை. இருப்பதில் நல்லதைத் தந்தான். நான் அவனுடைய கராஜ் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் காற்றுப் போய்விட்டது. நல்ல ரியூப் ஊரில் ஓரிடத்தில்தான் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று சொல்லிச் சிரித்தான்.

அதைக் கேட்கத்தான் அன்று மாலை கொட்டிலுக்குப் போனேன். நாலு சில்லும் வண்டியில் பூட்டியிருந்தன. மடியில் கிடந்தது ஐந்தாவது, வழியில் ரயர் வெடித்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் சில்லின் ரியூப். பவுடர் விடயத்தைப் பேசி முடித்தபின் நேரே கேட்டேன். இமெல்டாவின் நாரி எந்த நிலையில் இருக்கிறது, காற்று வளையம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அது ஸ்பெயார் மிசி," என்றார்.

"தெரியும். அதான் கேக்கிறன்."

"அஞ்சும் இருந்தாத்தான் வாகனம் முழுசு."

"எங்க போற வாகனம் இது?"

"போறதப் பத்தி இல்ல," என்றார். சொல்லிவிட்டு ரியூப்பை ரயருக்குள் தள்ளி, இரும்பு நெம்பால் விளிம்பை அமத்தத் தொடங்கினார். வேலை இருக்கிறது, நீ போகலாம் என்று அர்த்தம்.

நான் உள்ளே போனேன். செசீலியா வந்திருந்தாள். இருவருமாக இமெல்டாவை ஒருக்களித்துப் பிடித்து, உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவினோம். சன்னல் திறந்தே இருந்தது. கொட்டிலில் பேசியது எல்லாம் இமெல்டாவுக்குக் கேட்டிருக்கும். கட்டி முடித்து நான் கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மிசி, இது ஆர்ர வளவு?"

"ஒங்கட வளவு."

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகத்தான் போகும். ஆண் ஒரு பெட்டி உடுப்போடு வந்து அந்த வீட்டில் இருப்பான். வளவின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இது என்னுடைய வீடு என்று ஒரு மனுசி புருசன் காதுபடச் சொல்லமாட்டாள். சொன்னால் அதன்பின் அந்த ஆண் ஊருக்குள் எப்படி நடப்பான்? கொட்டில் போட இடம் விட்டபோதும், கீரைப் பாத்தியின் மேல் என்ஜினை இறக்கியபோதும், கலியாண வீட்டுக்குப் போகாமல் திரும்பியபோதும் இமெல்டா அதைச் சொல்லவில்லை.

"செசீலியா," என்றாள் இமெல்டா. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "அசனாருக்குச் சொல்லியனுப்பு. நாளைக்கு அந்தச் சாமான இழுத்து றோட்டில விடட்டும். இது என்ட வளவு."

செசீலியா பயந்துபோனாள். அத்தானுக்குக் கேட்கும் அக்கா என்று மெல்லச் சொன்னாள். கேட்கட்டும் என்றாள் இமெல்டா. கேட்டுவிட்டது. கொட்டிலில் இரும்புச் சத்தம் நின்றது.

யாக்கோப்பு அறை வாசல் வரை வந்தார். சித்திரைக்குப் பின் அவர் அவ்வளவு கிட்ட வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிலையடியில் நின்றார். அந்த நேரத்திலும் அவருக்கு வந்த பேச்சு இதுதான்.

"இமெல்டா, றோட்டில உப்புக் காத்து. ஒரு மாரியில துருப் பிடிச்சிரும்."

"எனக்குப் பிடிச்சிற்று," என்றாள் அவள். "ரப்பர் உள்ள வரட்டும். இல்லாட்டி வண்டி வெளிய போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் என் பையைக் கட்டினேன். செசீலியா படலைக்குப் போய், சைக்கிளில் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினாள். அன்று இராவே செசீலியாவுக்கு அசனாரின் பதில் வந்துவிட்டது. கயிறு இருக்கிறது, காலையில் வருகிறேன்.

மறுநாள் காலை நான் போனபோது அசனார் படலையடியில் தோளில் கயிற்றோடு நின்றான். முகத்தில் ஏமாற்றம். இழுத்துப் போகத் தேவையில்லையாம் என்றான். கொட்டிலுக்குள் ஐந்தாவது ரயர் வாயைப் பிளந்துகொண்டு தரையில் கிடந்தது.

யாக்கோப்பு இமெல்டாவின் அறைக்குள் இருந்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவியிருந்தார், நகக்கண் கறுப்பு மட்டும் போகவில்லை. பக்கத்தில் காலால் மிதிக்கும் பம்ப். ரியூப் கையில். ஒரு மனுசியின் இடுப்புக்கு அது பெரிய வளையம். வாங்கி, எட்டு மாதிரி முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பாதி அளவு வளையமாக்கினேன். முறுக்கினால் வெடிக்கும் என்று பதறினார். வெடிக்கிற அளவுக்குக் காற்று அடிக்கப் போவதில்லை என்றேன். எவ்வளவு என்று கேட்டார். பெருவிரலால் அமத்தினால் அரைவாசி உள்ளே போக வேண்டும், எலும்பு மட்டும் படுக்கையில் தட்டக்கூடாது என்றேன். மிதித்தார், அமத்திப் பார்த்தார், கொஞ்சம் விட்டார், மறுபடி அமத்திப் பார்த்தார். பழைய பருத்திச் சீலையைச் சுருக்கம் விழாமல் சுற்றினார். வால்வு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்று தானே சொன்னார். இமெல்டாவின் முதுகில் குத்தும் என்பதற்காகவா, வால்வு வளையும் என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அதை உள்ளே வைக்க நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. நகத்தால் கீறிவிடுவேனாம்! இமெல்டாவின் தோளில் ஒரு கை வைத்தார். இடுப்பில் ஒரு கை. இழுக்காமல் உருட்டினார். சித்திரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கற்றது அவ்வளவும் மண்டையில்தான் இருந்திருக்கிறது.

"மெதுவா," என்றாள் இமெல்டா. "பெயின்ற் கழரும்."

செசீலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

காற்று இறங்கியதா என்று பார்க்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தானே வருவதாகவும், வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்றும் யாக்கோப்பு எங்களுக்கு உத்தரவு போட்டார். கந்தோருக்கு அன்று லீவு சொல்லியனுப்பியிருந்தார். மனைவிக்குப் பாரிசவாதம் வந்த நாளில்கூடப் போட்டிராத லீவு. வளையத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அவர் எதைப் பார்க்கத் திருப்பினால் எனக்கென்ன? நாரி காற்றில் இருந்தது, பக்கம் மாறியது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அசனார் சன்னலால் எட்டிப் பார்த்து, வண்டி இப்போது முழுசில்லையே அண்ணன், நாலு சில்லோடு என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டான். யாக்கோப்பு குனிந்து வால்வு மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் புண்ணைக் கழுவிக் கட்டினேன். கொட்டிலுக்குப் போய்ப் பவுடர் டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சத்தை இமெல்டாவின் இயங்குகிற இடக் கைக்கு எட்டும்படி தலையணையோரம் வைத்துவிட்டு, வேலைக்குப் போனேன்.