செலின் டாக்டர் பார்த்த குண்டூசி

செய்தி வந்தபோது நான் ஒரு மாம்பழ நிறப் பட்டுப்புடவையின் முந்தானையை இடது கையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது தி. நகரில் நான் வேலை பார்க்கும் கடையின் விதி. மூன்றாவது முறை அதிர்ந்ததும் விதியை மீறி எடுத்தேன். என் மனைவி கலா. "செலின் டாக்டர் போயிட்டாங்களாம். காலையில எழுந்திருக்கவே இல்லையாம்" என்றாள்.

அந்த நிமிடம் நான் செய்ததைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். நான் அழவில்லை. புடவையை மேசைமேல் வைத்துவிட்டு இடது முன்கையை அழுத்திக் கிள்ளிப் பார்த்தேன். இனி இந்தக் கையை யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. துக்கம் அதற்கப்புறம், கடை மாடிப்படியில் இறங்கும்போது வந்தது.

டாக்டரின் தங்கை, தங்கள் சர்ச் வெளியிடும் பங்கு இதழுக்காக ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். சாந்தோம் பக்கம் இருப்பவர்களுக்கு டாக்டரைத் தெரியும். உங்களில் பாதிப் பேருடைய தேமலையும் படர்தாமரையையும் அவர் பார்த்திருப்பார், மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அவருடைய அன்பைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது என் பயம்தான். என் கைக்கு வந்தது என்ன நோய் என்று அவருக்கும், கலாவுக்கும், மாத்திரை கொடுத்த சுகாதார நிலையத்துக்கும் மட்டும்தான் தெரியும். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூட என்னால் எழுத முடியாது. வெளியே சொன்னால் என் வேலை நிலைக்குமா என்றும் தெரியவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் அவர் எங்கள் கடைக்கு வாடிக்கையாளராக வந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு பட்டுப்புடவை வேண்டும் என்றார். பத்துப் புடவை பிரித்தேன். கடைசியில் ஒரு கத்தரிப்பூ நிறத்தை எடுத்து, "இந்த லைட்டை நம்ப முடியாது, வெயில்ல காட்டுங்க" என்றார். நிறம் பார்ப்பதற்காகப் புடவையை ஜன்னல் பக்கம் கொண்டுபோவது எங்களுக்குப் பழக்கம்தான். முந்தானையை இடது கையில் விரித்தபடி ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். அவர் புடவையைப் பார்க்கவில்லை. என் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விலைச்சீட்டைச் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி கழன்று என் தோலில் பாதிவரை ஏறி நின்றது. ஒரு சொட்டு இரத்தம் முழங்கைப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. நான் சிரித்த முகமாய் ஜரிகையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை இஸ்மாயில் பாய் அதைப் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, ஊசி ஏறிக்கினு கீது, நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு கீற?" என்று கத்தினார். நான் ஊசியைப் பிடுங்கி, "நம்ம கை மரத்துப்போன கை பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். உண்மையில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. புடவைக் கடையில் பத்து வருடம் நின்றவனுக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும். யாருக்குக் காய்ப்பு அதிகமோ அவன் பழைய ஆள். முன்கையில் வெளுத்திருந்த அந்த இடத்தையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். வெளுப்பைத் தேமல் என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பல மாதமாகத் தடவி வந்தேன். அது அரிக்கவில்லை, வலிக்கவில்லை. தொந்தரவு கொடுக்காத ஒன்றைப் பற்றி யார் பயப்படுவார்கள்?

செலின் டாக்டர் சிரிக்கவில்லை. அந்தக் கத்தரிப்பூப் புடவையையே பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த தன் தோல் க்ளினிக்கின் முகவரியை எழுதித் தந்தார். "நாளைக்குக் காலையில வாங்க. அந்தக் களிம்பையும் எடுத்துட்டு வாங்க. இங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார். களிம்பு தடவுவது இவருக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஏன் சொன்னார்? அன்று சாயங்காலம் வரை நான் மடித்த புடவைகளில் ஒன்றுகூட நேராக மடியவில்லை.

மறுநாள் அவருடைய க்ளினிக் பெஞ்சில் கூட்டம். சேற்றுப்புண் வந்த கால்கள், முகமெல்லாம் பருவோடு கல்லூரிப் பிள்ளைகள், கன்னத்தில் கரப்பான் புண்ணோடு ஒரு கைக்குழந்தை. நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் ஐஸில் வெடித்த விரல்களை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சட்டென்று எழுந்து சுவரோரம் போய் நின்றேன். "இன்னா நைனா, எய்ந்துக்கினே? குந்து, எடம் கீதே" என்றார் அவர். மீன் வாடைக்காக எழுந்தேன் என்று நினைத்திருப்பார். என்னால் அவருக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் எழுந்தேன். யாரும் எதுவும் சொல்லாமலே நான் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

உள்ளே போனதும் களிம்பு ட்யூபை வாங்கிப் படித்தார். "இதை யார் குடுத்தா?" என்றார். மருந்துக்கடை என்றேன். "வெளுப்போட வர்றவங்க எல்லாரும் இப்படி ஒண்ணைத் தடவிட்டுத்தான் வர்றாங்க" என்று சொல்லி, அப்படியே குப்பைக்கூடையில் போட்டார். ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, பஞ்சை முறுக்கி மெல்லிய திரியாக்கினார். "கண்ணை மூடிக்குங்க. நான் தொடற இடத்தை வலது கை விரலால காட்டுங்க. தெரியலைன்னா சும்மா இருங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். முழங்கைக்குப் பக்கத்தில் தொட்டது தெரிந்தது, காட்டினேன். மணிக்கட்டில் தெரிந்தது, காட்டினேன். அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. பரீட்சையில் விடை தெரியாத பையன் போல, அவர் தொடுகிற வேகத்தைக் கணக்குப் போட்டு நானாக ஒரு இடத்தைக் காட்டினேன். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று.

"முரளி" என்றார் அவர். "நான் இப்போ தொடவே இல்லையே."

கண்ணைத் திறந்தேன். பஞ்சு அவர் மடியில் இருந்தது. என் வலது கை விரல் அந்த வெளுப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் எனக்கு நினைவில்லை.

அவர் கையுறை போடாமல் என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பேசினார். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். மேசையில மூணு புடவை ஒண்ணு மேல ஒண்ணா இருக்குன்னு வெச்சுக்குங்க. மேல இருக்கறது மேல்தோல். அதுல ரத்தக்குழாய் கிடையாது, அதோட அடி வரிசையிலதான் நிறம் குடுக்கற அணுக்கள் இருக்கு. ரெண்டாவது உள்தோல். கனமான புடவை. நரம்பு, வேர்வைச் சுரப்பி, முடியோட வேர் எல்லாம் அங்கதான். மூணாவது கொழுப்பு. தேமல் மேல் புடவையோட நின்னுடும். வெண்புள்ளியில மேல் புடவைக்குச் சாயம் போகும், ஆனா தொட்டா தெரியும். உங்களுக்கு ரெண்டாவது புடவையோட நூலை, அதாவது நரம்பைத் தொட்டிருக்கு. அதான் ஊசி தெரியல, அந்த இடத்துல வேர்க்கல." சோதனை செய்துதான் உறுதிப்படுத்த முடியும் என்றார். ஆனால் பெயரை அன்றே சொன்னார். தொழுநோய்.

இந்தக் காலத்தில் அதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. மாத்திரையும் இருக்கு, இலவசமா. ஒழுங்காப் போட்டா குணமாயிடும்" என்றார். வேலை போய்விடுமா என்று கேட்டேன். தான் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்றார். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள்.

அன்றிலிருந்து நான் அவளைத் தூக்கவில்லை. தோலைச் சுரண்டி எடுத்த சோதனையின் முடிவு வந்தது, மாத்திரை ஆரம்பித்தது, அப்போதும் தூக்கவில்லை. முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இருந்தும் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டேன். கேட்டால் சளி என்றேன். யாழினி என்னைப் பார்த்துக் கையை நீட்டுவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். பத்து நாளில் கலா என்னைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தாள். சொன்னேன். அவள், "குழந்தைக்கு வந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் உள்ளவர்களையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். அடுத்த நாள் மூவரும் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கலாவைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தச் சாமியிடம் என்ன நேர்ந்துகொண்டேன் என்பதுகூட நினைவில்லாமல் நேர்ந்துகொண்டேன். திடீரென்று உள்ளே யாழினி கெக்கலித்துச் சிரித்தாள். இன்னொரு தடவை சிரித்தாள். உள்ளங்காலில் பஞ்சு பட்டிருக்கிறது.

கதவு திறந்தது. டாக்டர் குழந்தையோடு வந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க. இந்தாங்க, பிடிங்க" என்றார். நான் பின்னால் நகர்ந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திரை ஆரம்பிச்சாச்சு, உங்ககிட்டேருந்து இனிமே யாருக்கும் பரவாது. நீங்க பயப்படுங்க, வேணாங்கல. ஆனா குழந்தையை இறக்கிவிட்டுட்டுப் பயப்படாதீங்க" என்று என் காதருகே அதட்டி, யாழினியை என் இடது கையில் கிடத்தினார். முதுகு தெரிந்தது, கால் தெரிந்தது. தலை அந்த வெளுப்பின் மேல் இருந்தது, அது மட்டும் தெரியவில்லை. கீழே போட்டுவிடுவேனோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

நோயின் பெயரை என் வாயால் சொல்லவைக்க அவர் மிகவும் பாடுபட்டார். ஒவ்வொரு மாதமும் "அது எப்படி இருக்கு மேடம்" என்றுதான் கேட்பேன். "எது? பேரைச் சொல்லுங்க" என்பார். சொல்ல மாட்டேன். மாத்திரை முடிந்த பிறகு ஒரு நாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குணமாயிடுச்சு. எது குணமாச்சுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். "அதுதான் மேடம்" என்றேன். சிரித்துவிட்டார். "சரி, இன்னொரு நாள்" என்றார். வருடாவருடம் நாங்கள் போனோம். அந்த நாள் வரவே இல்லை.

சாந்தோம் வீட்டில் அவரைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தக் கத்தரிப்பூப் புடவைதான் கட்டியிருந்தது. வரிசையில் என் முறை வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, இடது முன்கையைக் கண்ணாடிமேல் வைத்துக் கண்ணை மூடினேன். பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ. கண்ணாடியின் குளிர்ச்சி முழங்கைப் பக்கம் தெரிந்தது. மணிக்கட்டில் தெரிந்தது. வெளுப்பின் ஓரமெல்லாம் தெரிந்தது. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடத்தில் மட்டும் தெரியவில்லை. அந்த உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். "இங்க தெரியுது மேடம், இங்க தெரியல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் நான் கண்ணை மூடி உட்காருகிறேன். யாழினி பஞ்சுத் திரியால் தொடுகிறாள். அவளுக்கு அது விளையாட்டு. நடுவில் வேண்டுமென்றே தொடாமல் இருந்து என்னை ஏமாற்றப் பார்ப்பாள். நான் ஏமாறுவதில்லை, தெரியாவிட்டால் சும்மா இருக்கிறேன். டாக்டரிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான்.

எழுதியதைக் கலாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, உங்க பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். அவள் பயம் நியாயமானது. இதழ் வெளிவந்த பிறகு இஸ்மாயில் பாய் என் டம்ளரில் டீ குடிப்பாரா, யாழினியின் பள்ளியில் யாராவது ஏதாவது கேட்பார்களா, நான் கையில் விரிக்கும் புடவையை யாராவது வேண்டாம் என்பார்களா என்று இப்போதும் பயப்படுகிறேன். ஆனால் அவர் சொன்ன அந்த இன்னொரு நாளை இதற்குமேல் தள்ளிப்போட எனக்கு வழியில்லை.

எனக்குத் தொழுநோய் இருந்தது, மேடம். குணமாகிவிட்டது.

முரளி,
பட்டுப் பிரிவு, இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கத்து மேசை.