கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஏழு நிறுத்தங்கள்

பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்குக் காரில் போவதற்கு ஒரு பட்டியல் போட்டேன். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதற்காக நிற்பது என்று நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதினெட்டு வயது. அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வயதானால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

அப்பாவுக்கு ஜூஜுவாடியில் நிலம். எங்கள் வயலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம் வந்துவிடும். அண்ணன் என்னைவிடப் பத்து வயது பெரியவர், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் வீட்டில் தங்கித்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். மெட்ராஸில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் அவர்தான். இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி.

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று அப்பா முதலில் முரண்டு பிடித்தார். அண்ணன் ஒருநாள் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

“அப்பா ஒத்துக்கிட்டாரு. பெங்களூர்ல இருந்தே வாடகைக் கார் வெச்சுக்கலாம். அம்மா அப்பாவ ஜூஜுவாடில ஏத்திக்கிட்டு எல்லாருமா மெட்ராஸ் போலாம். எங்கெங்க நிக்கறதுன்னு நீயே எழுது” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தார். புருஷனோடு இரண்டு முறை மெட்ராஸ் போய் வந்தவர். எந்த ஊரில் ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த ஊரில் பெண்கள் ஒதுங்க மறைவான இடம் உண்டு என்று அவர்தான் சொன்னார். மீதியைப் பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்துப் போட்டேன். ஓசூரில் காபி. சூளகிரியில் காருக்குத் தண்ணீர். கிருஷ்ணகிரியில் கால் மணி. அதற்கு அப்பால் ஏழு நிறுத்தங்கள்: வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்க் கோட்டை, வாலாஜா, காஞ்சிபுரம், பூந்தமல்லி. ஏழாவது, சனிக்கிழமை காலையில், கடல். நான் கடல் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பெங்களூர் வந்து பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓசூரிலேயே தகராறு.

“ஊட்ல குடிச்ச காபி அதுக்குள்ள எங்க போவுது? வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முந்தி கிருஷ்ணகிரி போயிச் சேந்துரணும் கண்ணு. அங்க நம்ம சிநேகிதக்காரரு ஊடு இருக்குது. அங்கயே சாப்ட்டுட்டு, பன்னண்டுக்கு மேல கெளம்பலாம்.”

ஓசூர் காபியை என் கையாலேயே அடித்தேன். சூளகிரியைப் பத்து நிமிஷமாகக் குறைத்தேன். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே இருக்கும் சானமாவுக் காட்டை யானைகள் விலகியபின் வெயில் ஏறக் கடக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கும் நேரமில்லை என்று முன்னால் தள்ளினேன். கிருஷ்ணகிரிக்கு எதிரே “9.45” என்றும், கீழே “12.00, புறப்பாடு” என்றும் எழுதினேன்.

அப்பா ஒரு மாடு வாங்கக்கூடப் பஞ்சாங்கம் பார்ப்பவர். அதனால் நானே எடுத்துக் கொடுத்தேன். “அப்பா, மூணுல இருந்து நாலரை வரைக்கும் எமகண்டம். அப்ப நாம வேலூர் பக்கம் ரோட்டுல இருப்போம்.”

“அதெல்லாம் பாத்தா ஆவுமா? நீ போட்டபடியே இருக்கட்டும்” என்றார்.

வாலாஜா எதற்கு என்று கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு வரியில்கூடக் கை வைக்கவில்லை. என் மேல் இருந்த பிரியத்தில் எமனைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மண்டு.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். ஜூஜுவாடியில் அப்பாவும் அம்மாவும் ஏறினார்கள். எல்லையில் நின்ற மதுவிலக்குப் போலீஸ் சாராயம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்து, அம்மாவின் முறுக்கு டப்பாவையும் திறந்து முகர்ந்துவிட்டு விட்டார்கள். அதற்கு முன்பே அம்மா என்னை வீட்டுக்குள் அழைத்துப் போய்ப் பட்டுப் புடவையை எடுத்து நீட்டியிருந்தார்.

“இன்டர்வியூ திங்கக்கெழமதானேம்மா. கார்ல கசங்கிரும்.”

“கசங்குனா கசங்கட்டும். கட்டிக்க.”

என் முகத்தைப் பார்க்காமல் கொசுவத்தைச் சரிசெய்தார். கட்டிக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிருஷ்ணகிரி. பட்டியலில் டிக் போட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சொன்ன சிநேகிதர், மாந்தோப்புக்காரர் வீடு. கூடம் நிறைய ஆட்கள். ஜமக்காளம் விரித்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், ஒரு பந்து மல்லிகை. ஓர் அம்மாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, சமைக்கத் தெரியுமா, கன்னடம் பேச வருமா, தெலுங்கு வருமா என்று விசாரித்தார். எதிரே ஒரு வாலிபர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வீட்டு விசேஷமோ, நடுவில் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் இருந்தேன். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குக் கிளம்பாவிட்டால் வேலூர்க் கோட்டையில் நேரம் குறைந்துவிடும்.

பதினொன்றரைக்கு வெளியே போனேன். டிரைவர் மாமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். பெங்களூர்க்காரர், பாதி கன்னடம் பாதி தமிழ்.

“அரை மணில கெளம்பணுங்க. தண்ணி ஊத்திட்டீங்களா?”

“அரை மணியா? சாயங்காலம் நாலு மணிக்குன்னு அல்லவா உங்க அண்ணா சொன்னாரு.”

“நாலு மணிக்குக் கெளம்பி மெட்ராஸ் எப்பப் போய்ச் சேர்றது?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “மெட்ராஸா? இல்லம்மா. கிருஷ்ணகிரி வந்துட்டு பெங்களூர் வாபஸ். அவ்வளவுதான் பேசினது.”

என் கையில் இருந்த தாளை அவர் பார்த்தார். பிறகு, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர் போலக் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

கூடத்தில் இருந்த மல்லிகைப் பந்து அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பட்டுப் புடவை புரிந்தது. ராகு காலத்துக்கு முன்னால் என்னைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அது கழிந்ததும் பூ வைத்து உறுதி செய்ய வேண்டும். அதற்குத்தான் ஓசூர் காபியை அடித்தேன். போகாத பாதைக்கு எமகண்டம் யார் பார்க்கப் போகிறார்கள்?

அண்ணன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம இன்டர்வியூ என்னாச்சுண்ணா?”

அவர் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “நல்ல எடம். தோப்பு இருக்குது. அப்பா ஒரே முடிவா இருந்தாரு, நான் என்ன பண்றது?”

“இன்டர்வியூவைக் கேட்டேன்.”

“செவ்வாக்கெழமயே லெட்டர் போட்டுட்டேன். நீ வரலைன்னு.”

பன்னிரண்டு அடித்ததும் அந்த அம்மாள் என் தலையில் பூ வைத்தார். என் பட்டியலில் புறப்பாடு என்று எழுதியிருந்த அதே நேரம். மூன்று மாதத்தில் கல்யாணம். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்தான் பிற்பாடு எனக்குக் கடலையும் காட்டினார். அப்பாவைக்கூட மன்னித்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொன்னவர். நம்ப வைத்துக் கழுத்தறுத்தது அண்ணன்.

அதிலும் எனக்கு ஆறாதது அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து வழக்கத்தைவிட அரை மணி தாமதமாக வந்தார். தபாலாபீஸ் வரை போய்வந்தேன் என்றார். கைகால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என் கையிலிருந்த பென்சிலையும் வாங்கி, “வேலூர்க் கோட்டைக்கு அரை மணி பத்தாது, நல்லா சுத்திப் பாக்கணும்” என்று சொல்லி, அவர் கையாலேயே ஒரு மணி என்று திருத்தினார்.