தம்பியை மாப்ள என்றவன்

தாராவியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்க்கிறவன் வானமாமலை. கை கால் வெந்து உரிந்தாலும் சங்கக் கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவான். காலுக்கு பூட்ஸ் கேட்டு அவன் பேச எழுந்தால், சும்மா எட்டிப் பார்க்க வந்தவனும் உட்கார்ந்துவிடுவான். அரசியல் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதைவிடப் பிடித்தது கூட வேலை பார்க்கும் கணேசபாண்டியனை. இதை வெளியே சொல்ல முடியாது. தனி ஆண்கள் கூட்டமாகப் படுக்கிற மெஸ்ஸில்தான் பாய் விரிக்க வேண்டும். உறவு என்றால்தான் தமிழர்கள் குடியிருக்கும் சந்தில் கோலி கிடைக்கும். ஒற்றை அறைக்கு பம்பாயில் கோலி என்று பெயர். "சித்தப்பா மகன், தம்பி" என்று சொல்லி இருவரும் குடியேறினார்கள். கதவைச் சாத்தினால் மாப்ள, வெளியே வந்தால் தம்பி. வருஷக்கணக்காக நாக்கு பிசகவில்லை. ஊரில் பெண் பார்த்திருப்பதாக ஆள் வந்தால், வேலை நிரந்தரமாகட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அறுபத்தெட்டில் முனிசிபல் தேர்தல் வந்தது. சங்கத்து ஆள் ஒருவர் நின்றார். டேனரி முதலாளிகளும் ஓர் ஆளை நிறுத்தினார்கள். அவருக்குச் சந்தில் ஓட்டுப் பிடித்தவர் பிரம்மநாயகம். சந்தின் கல்யாணம், சண்டை, குழாய்த் தண்ணீர் எல்லாம் அவர் சொன்னபடிதான். மதராசி என்று சொல்லி உள்ளூர்க்காரர்கள் தமிழர் கடைகளை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியே அடி விழுந்தால் சந்துக்குள் ஓடி வரலாம், பிரம்மநாயகம் கம்போடு நிற்பார். சந்தே அடித்தால் எங்கே ஓடுவது? அதனாலேயே அவரை யாரும் எதிர்ப்பதில்லை. வானமாமலை எதிர்த்தான்.

சங்கத்து ஊர்வலத்தில் கல் வந்து விழுந்தது. கணேசபாண்டியன் நெற்றி கிழிந்து சுருண்டான். வானமாமலை கொடியைப் போட்டுவிட்டு அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மாப்ள, என்னப் பாரு மாப்ள, கண்ணத் தொற" என்று அலறினான். எல்லோரும் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற பிரம்மநாயகம் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டார்.

மறுநாள் குழாயடியில் அவரே பக்கத்தில் வந்தார்.

"தம்பிக்கு எப்படிவே இருக்கு?"

"தையல் போட்டிருக்கு, அண்ணாச்சி."

"தம்பிய மாப்ளங்குத வழக்கம் உங்க ஊர்ல உண்டுமோ? கூட்டாளியக் கூப்பிடலாம். கட்டுத முறை உள்ளவனக் கூப்பிடலாம். அண்ணன் தம்பி முறையில ஒருத்தனும் கூப்பிட மாட்டானே."

"வாய் தவறி வந்துட்டு, அண்ணாச்சி."

"தவறட்டும். நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. ஞாயித்துக்கெழம நம்ம மேடையில ஏறிப் பேசிரு. நீ பேசினா டேனரி ஓட்டு பூரா நமக்குத்தான். மாட்டேம்னா, பொம்பளப் பிள்ளைக இருக்க சந்து பாத்துக்க. ஆளுக கூடி வந்தா நான் ஒருத்தன் தடுத்தா நிக்கும்?"

அந்தப் பாவி குரலைக்கூட உயர்த்தவில்லை. குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

வானமாமலை ஒன்று விடாமல் கணேசபாண்டியனிடம் சொன்னான். இருவருக்குள் ஒளிவு மறைவு கிடையாது. தலைக்கட்டோடு படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"பேசிட்டு வா மாப்ள. பேச்சுதான அவனுக்கு வேணும்? பெட்டியில என்ன போட்டம்னு எவனுக்குத் தெரியும்? ஓட்டு நம்மாளுக்கே."

ஞாயிற்றுக்கிழமை வானமாமலை மேடையேறிப் பேசினான். தொட்டியில் கூட நின்றவர்கள் எதிரே வந்து காறித் துப்பிவிட்டுப் போனார்கள். தாங்கிக்கொண்டான். அந்த ஓர் ஓட்டாவது தன்னுடையது என்ற நினைப்புதான் அவனை அன்றைக்கு நிற்க வைத்தது.

தேர்தல் நாளில் தடுப்புக்குள் போய் முத்திரையைக் கையில் எடுத்தான். சங்கத்து ஆளின் சின்னம் மேலே, மற்றது கீழே. இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஊரே நம்புகிறது. அவனால் நம்ப முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன சொல்லே நடுத்தெருவில் வந்து விழுந்துவிட்டதே. நாளைக்கு பிரம்மநாயகம் முகத்தைப் பார்த்துக் கேட்டால், பாழாய்ப் போன இந்த நாக்கு மறுபடியும் காட்டிக் கொடுத்துவிட்டால்? பிறகு கோலி ஏது, கணேசபாண்டியன் ஏது? கீழே குத்தினான்.

வெளியே கணேசபாண்டியன் நெற்றித் தழும்போடு நின்றிருந்தான்.

"நம்மாளுக்குத்தான?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமா."

ஊருக்கெல்லாம் பொய் சொல்லிப் பிழைத்தவன் அவனிடம் சொன்ன முதல் பொய் அது. கணேசபாண்டியன் சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அவன் கையை ஒருமுறை அழுத்தினான்.

சங்கத்து ஆள் தோற்றுப்போனார். "இன்னும் நாலு பேரு நம்மள மாதிரி உள்ள போயித் துணிஞ்சிருந்தா ஜெயிச்சிருப்பாரு மாப்ள" என்று கணேசபாண்டியன் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தான். வானமாமலை ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினான்.