உடையாத பின்

1. ஸ்கூட்டர் தெரியுமில்ல?

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கச் சந்தில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். எட்டாவது வரை படித்தவன். ஸ்கூட்டர் வேலை மட்டும் கையில் இருந்தது. முதல் நாளே முதலாளி மாசிலாமணி ஒரு எஞ்சினைக் காட்டினார். படகின் பின்பலகையில் மாட்டுகிற எட்டு ஹெச்.பி. போட் எஞ்சின்.

"சாமி, ஸ்கூட்டர் தெரியுமில்ல? இதுவும் டூ ஸ்ட்ரோக்குதான். அதுல சக்கரம் கீது, இதுல ப்ரொபெல்லர் கீது. அவ்ளோதான்."

என் நெற்றியில் திருநீறு பார்த்த நிமிஷத்திலிருந்து நான் அவருக்குச் சாமி.

எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி அவரே கயிற்றை இழுத்தார். ஜோராக ஸ்டார்ட் ஆனது. போட் எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சுகிறது. அதனால் அடிப்பாகத்தைத் தண்ணீர் ட்ரம்மில் முக்காமல் ஓட்டக் கூடாது. எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு நிமிஷத்தில் உள்ளே தண்ணீரை இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் கருகிப் புகைந்தது.

"இன்னா சாமி, ஊதுபத்தி கொளுத்தினியா?" என்று என்னைக் கேட்டார்.

2. தேசிங்கு கேட்டது

ஒரு வருஷத்தில் எஞ்சினோடு வரும் புத்தகத்துப் படங்களைப் பார்த்தும், எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்தும் வேலை பழகிக்கொண்டேன். அப்போதுதான் எண்ணூரிலிருந்து மீன்பிடிக்கிற தேசிங்கு தன் போட் எஞ்சினோடு வந்தார். நான்கு பேர் போகிற படகு, அதற்கு இந்த ஒரே எஞ்சின்.

ப்ரொபெல்லரை ஷாஃப்ட்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்னப் பித்தளைப் பின். ஷியர் பின் என்போம். ப்ரொபெல்லர் எதிலாவது மோதினால் அது உடையும், கியர் தப்பிக்கும். வேறு பின் போட்டால் ஐந்து நிமிஷத்தில் படகு கிளம்பிவிடும்.

"முகத்துவாரத்துல மணல் தட்டி வாரத்துக்கு மூணு பின்னு ஒடையுது நைனா. அலையில குனிஞ்சி பின்னு மாத்தறவன் பாடு உங்களுக்கு இன்னா தெரியும்? ஒடையாத பின்னா ஒண்ணு போட்டுக் குடு" என்றார் தேசிங்கு.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்பத்தூர்ல ஒக்காந்துகினு ஒடையாத பின்னு இல்லன்னு சொன்னா நமக்குத்தான் அசிங்கம்."

பக்கத்து லேத்தில் ஸ்டீல் கம்பியைக் கடைந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி ஒரு பின் செய்து வந்தார். அதில் அரம் போட்டால் அரம்தான் தேய்ந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "முதலாளி, அது ஒடையறதுக்குன்னே வச்ச பின்னு. அது ஒடையலன்னா கியர் ஒடையும்."

"எஞ்சின் செஞ்சவன் கஞ்சன் சாமி. அதான் பித்தளையில போட்டுக்கீறான். நீ மாட்டு."

மாட்டியது என் கைதான். தேசிங்கு எதிரே ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டடி தூரம்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் நின்று, "தாயே, அந்தப் படகில் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது" என்று கண்ணீர் விட்டு வேண்டினேன். நெய்விளக்கும் ஏற்றினேன். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

3. கேரண்டி

பத்து நாள் கழித்து தேசிங்கின் மனைவி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். முந்தின நாள் விடியற்காலை போன படகு திரும்பவில்லை.

"போட்டும் காணம், ஆளுங்களும் காணம். எஞ்சின்ல இன்னா பண்ணீங்க?"

"பின்னு ஒடைஞ்சிருக்காதும்மா. அதுக்கு நான் கேரண்டி" என்றார் முதலாளி.

அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் நான்தான் தலைகுனிந்தேன். அன்று முழுக்கக் கந்தர் சஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டே ஸ்பானர் பிடித்தேன். ஒரு நட்டுகூட ஒழுங்காக ஏறவில்லை.

மூன்றாம் நாள் தேசிங்கு எஞ்சினைத் தோளில் சுமந்து உள்ளே வந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. நடுக்கடலில் மிதந்து வந்த மரக்கட்டையில் ப்ரொபெல்லர் மோதியிருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை. இரண்டு நாள் மிதந்தவர்களை வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. நான்கு பேரும் உயிரோடு வந்தது தெய்வச் செயல்.

கியர் பாக்ஸைத் திறந்தேன். ஆயிலோடு கியர் பற்களும் தட்டில் கொட்டின. முதலாளி எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னை மட்டும் உருவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாத்தியா தேசிங்கு? ஒரு கீறல் இல்ல!"

"அத்த நீயே வச்சிகினு மாலை போடு. என் போட்டு ஓடணும்" என்றார் தேசிங்கு.

எனக்கு அடக்க முடியவில்லை. "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்ண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? சாமி கும்புடற மனுசன்தானே நீ?"

அவர் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

4. பலகை

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் மறுநாள் கியரை யார் மாட்டுவது? நான் பயந்த பயம் அத்தனையும் வீண்.

புதுக் கியர் போட்டு, பித்தளைப் பின் போட்டு முடித்ததும் தேசிங்கு சொன்னார்: "நாளைக்கி நீயே வந்து போட்டுல குந்து."

எனக்கு நீச்சல் தெரியாது. போனேன். முகத்துவாரத்தில் மணல் தட்டிப் பின் உடைந்தது. என்னையே மாற்றச் சொன்னார். படகு ஆடிய ஆட்டத்தில் இரண்டு பின்னைக் கடலில் தவறவிட்டு மூன்றாவதைத்தான் மாட்டினேன்.

"இப்ப புரிதா சாமி, நான் ஏன் ஒடையாத பின்னு கேட்டேன்னு?"

புரிந்தது. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. படகின் பின்பலகை தாழ்வாக இருந்ததால் எஞ்சின் தேவைக்கு மேல் ஆழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பலகையை அதன்மேல் வைத்து போல்ட் போட்டோம். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு பின் உடைந்தால் அதிகம்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சாமி கும்பிடுங்கள். நானும் இன்றுவரை கும்பிடுகிறேன். ஆனால் கோயிலில் இருக்கிற அந்தத் தாய்க்கு எல்லாம் முன்பே தெரியும். நான் சொல்லாமல் தெரியாமல் போனது டீ குடித்துக்கொண்டிருந்த தேசிங்குக்குத்தான்.